கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்

தமிழ்க் குடும்பத்தின் மருந்துப் பெட்டியில் இருப்பது ஒரே ஒரு மருந்துதான். பையன் குடிக்கிறானா, கல்யாணம் பண்ணி வை. வேலைவெட்டிக்குப் போகாமல் டீக்கடை பெஞ்சைத் தேய்க்கிறானா, கால்கட்டுப் போடு. சாமியாராகப் போகிறேன் என்கிறானா, இன்றைக்கே பெண் பார். புத்தி பேதலித்துத் தனியாகச் சிரிக்கிறவனுக்குக்கூட நாலு மாவட்டம் தள்ளிப் பெண் எடுத்துவிடுவார்கள். பக்கத்து ஊரில் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும் அல்லவா? இத்தனை வியாதியைத் தீர்க்கிற மருந்து, பையனுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது என்ற ஒன்றை மட்டும் தீர்க்காமல் விட்டுவிடுமா?

அது வியாதியே இல்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆனால் நம் வீடுகளில் ஒரு மாமா இருக்கிறார். அவர் இரண்டையும் படிக்கவில்லை. படிக்காததால்தான் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

பையன் 28 வயதில், அழுது முடித்த பிறகு, அம்மாவிடம் வாயைத் திறக்கிறான். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார். மாமா வந்தார். முதலில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. அடுத்து ஜோசியர், சுக்கிரன் நீசமாகிக் கிடக்கிறான், பரிகாரம் பண்ணினால் எழுந்துவிடுவான் என்றார். அதற்கும் அடுத்து ஒரு டாக்டர். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்கிற இந்த வைத்தியம் தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு ஃபீஸ் வாங்குகிறவர்கள் ஒழிந்துபோய்விடவில்லை. மூன்றும் பலிக்காத பிறகுதான் மாமா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "எல்லாம் வயசுக் கோளாறு. ஒரு பொண்ணைக் கட்டி வச்சா தானா சரியாயிடும்."

இனி அந்த 'ஒரு பொண்ணை'ப் பார்ப்போம். வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

எம்.எஸ்சி., பி.எட். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா பி.எஃப். பணத்தை எடுத்தார், அம்மாவின் வளையலை அழித்தார், அப்படியும் போதாமல் ஊரில் இருந்த முக்கால் ஏக்கரை விற்றார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "எங்க புள்ள சொக்கத்தங்கம். இதுவரைக்கும் ஒரு பொம்பளப் புள்ளைய ஏறெடுத்துப் பார்த்ததில்ல." அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

கல்யாணம் ஆனது. அவன் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் தனக்குத்தான் ஏதோ குறை என்று கண்ணாடி முன்னால் நின்றாள். நாலாம் மாதம் மாமியார் ஆரம்பித்தார்: "விசேஷம் ஏதும் உண்டாம்மா?" ஆறாம் மாதம் அரச மரத்தைச் சுற்றச் சொன்னார். வருஷம் திரும்பியதும் கருத்தரிப்பு மையம். தமிழ்நாட்டில் இப்போது ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் அது இல்லாத கடைத்தெரு குறைவு. ஸ்கேன் அவளுக்கு, ரத்தப் பரிசோதனை அவளுக்கு, ஊசி அவளுக்கு. எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. அதை மாமியாரிடம் நீட்டினாள். "ரிப்போர்ட்ல என்ன இருக்கு, எங்க பரம்பரையில இப்படி யாருமே இல்ல" என்றார் அவர். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டார். மலடி என்கிற சொல்லை இன்னொரு பெண்ணின் தலையில் வைப்பது, 'என் மகன் இப்படி' என்று தெருவில் சொல்வதைவிட அவருக்குச் சுலபம்.

ஒரு வீட்டின் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பலி கொடுக்கிறார்கள். இதற்குப் போலீஸ் இல்லை, பஞ்சாயத்து இல்லை. பத்திரிகை அடித்து, மொய் வாங்கி, வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். நாமும் போய் சாம்பாரில் உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

பெண்ணுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டால் அடியும் சேர்த்துக் கிடைக்கும். 2025 மே மாதம் வேலூர் மாவட்டக் காவல்துறையை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. பெற்றோர் பிடித்து வைத்திருந்தது 25 வயதுப் பெண்ணை. ஓட்டுப் போடலாம், தேர்தலில் நின்று எம்.எல்.ஏ. ஆகலாம், யாரோடு இருப்பது என்று மட்டும் முடிவெடுக்கக் கூடாத வயது. வீட்டுக்கு இழுத்துப் போய் அடித்தார்கள், 'நார்மல்' ஆவதற்காகச் சில சடங்குகளைச் செய்ய வைத்தார்கள் என்று அந்தப் பெண் நீதிபதிகளிடம் சொன்னார். மனுப் போட்டது அவருடைய துணைவி. மனுவில் 'நெருங்கிய தோழி' என்றுதான் எழுதியிருந்தார். நீதி கேட்கிற தாளில்கூட ஒளிந்துகொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்று மட்டுமே வழி அல்ல என்றும் சொன்னார்கள். காவல்துறைக்கும் குட்டு விழுந்தது.

இத்தனைக்கும், தன்பால் ஈர்ப்பாளர், திருநர் போன்றோரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 2022-லேயே தனி விதி சேர்த்தாகிவிட்டது. திருடாதே என்று திருடனுக்குச் சொல்லலாம். தொந்தரவு செய்யாதே என்று போலீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய நாட்டில் இருக்கிறோம்.

அந்த விதி வரக் காரணமே மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள்தான். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குச் சரிவரத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியலாளர் முன் போய் உட்கார்ந்து, கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். உயர் நீதிமன்ற நீதிபதிக்குத் தேவைப்பட்ட பாடம் நம் மாமாவுக்குத் தேவைப்படவில்லை.

சரி, வேண்டாம் வேண்டாம் என்று கதறுகிறவனுக்கு வீடு கல்யாணம் பண்ணி வைக்கிறது. வேண்டும் என்று கேட்டவனுக்கு நாடு என்ன செய்தது? தன்பால் இணையர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 'நகர்ப்புற மேட்டுக்குடிப் பார்வை' என்று மத்திய அரசு எழுதிக் கொடுத்தது. மதுரையிலிருந்து ஓடிவந்த அந்தப் பெண்களிடம் எந்த மேட்டுக்குடியைக் கண்டார்களோ! மற்ற நாளில் ஒரே மேடையில் ஏறாத அகில பாரதிய சந்த் சமிதியும் ஜமியத் உலமா-இ-ஹிந்தும் இதை எதிர்ப்பதில் ஒரே பக்கம் வந்து நின்றன. இந்த நாட்டில் மத நல்லிணக்கம் இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது. 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் 5 நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் உண்டா என்றால், 3 பேர் அதற்கும் இல்லை என்றார்கள். சீராய்வு மனுவும் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடி ஆனது. அந்த மாதம் 23-ஆம் தேதி தாய்லாந்தில் தன்பால் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேனிலவுக்கு பாங்காக் போகிற நம் தம்பதிகள் இதைக் கவனித்தார்களா தெரியவில்லை.

அதற்காக அரசு சும்மா இருந்துவிட்டது என்று பழி போடக் கூடாது. அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். குழு யோசித்தது. யோசித்த பிறகு, 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் ஒரு வரம் அருளியது: தன்பால் இணையர் வங்கியில் ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கத் தடையில்லை! நானும் என் மளிகைக் கடைக்காரரும் நினைத்தால் நாளைக் காலையே திறக்கலாம். அதற்கு எந்தக் குழுவும் தேவைப்பட்டதில்லை. ரேஷன் கார்டில் இருவரையும் ஒரே வீடாகக் கருதலாம் என்று இன்னொரு வரம். மூன்றாவது வரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்: துணை இறந்துபோனால், நெருங்கிய உறவினர் யாரும் இல்லாத பட்சத்தில், உடலைப் பெற்றுக்கொள்ள வழிசெய்யும்படி மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. 20 வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க வேண்டும். 20 வருஷமாக எட்டிப் பார்க்காத அண்ணன் ஊரிலிருந்து வரவில்லை என்று உறுதியாக வேண்டும். அதற்கப்புறம் பிணம் கிடைக்கும்.

நமக்குக் கல்யாணத்தின் மேல் இவ்வளவு பக்தி இருக்கிறதே, அது எப்படிப்பட்டது என்று பார்க்கச் சித்திரை மாதம் கூவாகம் போக வேண்டும். கூத்தாண்டவர் கோயிலில் அர்ச்சகர் திருநங்கைகளுக்குத் தாலி கட்டுவார். மறுநாள் அந்தக் கூத்தாண்டவரான அரவானின் களப்பலி. தாலி அறுபடும், வளையல் உடையும், வெள்ளைச் சேலை, ஒப்பாரி. அழுகிற முகத்துக்கு அரை அடி தூரத்தில் கேமரா. காவல் பந்தோபஸ்து உண்டு, அழகிப் போட்டி உண்டு, பரிசு கொடுக்கப் பிரமுகர்கள் உண்டு. ஒரு ராத்திரியில் ஏறி விடிந்ததும் அறுபடுகிற தாலி என்றால் அது நம் பண்பாடு, தொன்மம், முனைவர் பட்ட ஆய்வு. அதே திருநங்கை ஆயுசுக்கும் தாலியோடு வாழ்கிறேன் என்று வந்தால்? 2018-இல் தூத்துக்குடியில் ஒரு ஜோடி கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனது. முடியாது என்றார்கள். இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும்தான் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று சொல்ல வேண்டியிருந்தது. அறுபடுகிற தாலிக்கு அர்ச்சகர் போதும். நிலைக்கிற தாலிக்கு ஹைகோர்ட் வர வேண்டும்.

புதுக் கடை திறக்கிற அன்று திருநங்கை வந்து கை தட்டித் திருஷ்டி கழித்தால் வியாபாரம் பெருகும் என்று முதலாளி காத்திருப்பார். அதே முதலாளியின் மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. 'குடும்பத்துக்கு மட்டும்.'

திருநருக்காகப் போட்ட சட்டத்தின் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றினார்கள். ஒரு திருநங்கையைப் பாலியல் வன்கொடுமை செய்தால் அதில் வைத்த உச்சபட்சத் தண்டனை 2 ஆண்டு. அவருடைய செல்போனைத் திருடினால் 3 ஆண்டு வரை போடலாம். பாதுகாப்பு என்று பெயரில் இருக்கிறது.

பண்பாடு கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற, தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 377-ஐ எழுதியது தொல்காப்பியர் அல்ல. மெக்காலே போட்ட வரைவிலிருந்து 1860-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றவியல் சட்டத்தின் பிரிவு அது. மெக்காலே கல்வியால் நாடு கெட்டது என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள், மெக்காலே படுக்கையறைக்குப் போட்ட பூட்டை மட்டும், உச்ச நீதிமன்றம் அதை உடைத்த 2018 செப்டம்பர் 6 வரை குலச்சொத்து மாதிரிக் காத்தார்கள். மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடு, அதாவது ஆண் பெண் கோலத்தில் ஆடும் ஆடலும் ஒன்று. சிலப்பதிகாரத்தைப் பாடத்தில் வைத்திருக்கிறோம், அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் நடத்துவதில்லை.

இன்னொன்று. தாத்தாவும் பாட்டியும் ஐயர் இல்லாமல், மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட குடும்பங்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. அதெல்லாம் கல்யாணமே இல்லை என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளின் பிறப்பையே ஊர் கேலி பேசியது. அன்றைக்கும் பண்பாடு கெட்டுவிடும் என்றுதான் கூச்சல். 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்து சட்டம் போட்ட பிறகுதான் தாத்தாவின் கல்யாணம் கல்யாணமானது. அந்தத் தாத்தாவின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிற வீட்டில்தான், பேரன் வாயைத் திறந்ததும் மாமாவைக் கூப்பிடுகிறார்கள்.

தீர்ப்பு, சட்டம் எல்லாம் வரும்போது வரட்டும். உங்கள் வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ உண்மையைச் சொல்லி, நீங்கள் அதைத் துணியில் முடிந்து வைத்துவிட்டுத் தரகருக்கு ஃபோன் போடுகிறீர்கள் என்றால், உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பெண் பார்க்கப் போகிற அன்று, கேசரியைத் தொடும் முன்னால், அந்த வீட்டுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் எழுந்து வீட்டுக்குப் போங்கள். ஜாதகத்தைத் தரகரிடமிருந்து திருப்பி வாங்குங்கள்.