சுவருக்கு நூற்றுக்கு நூறு

2017-இல் மலாக்காவில் இருபது வயதுப் பெண் ஒருவர் யூடியூப் பார்த்தே பல்லுக்குக் கம்பி கட்டக் கற்றுக்கொண்டு தொழிலும் நடத்தினார். பதிவில்லாத பல் கிளினிக் நடத்திய குற்றத்துக்கு ஆயர் குரோ செஷன்ஸ் நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் போட்டது. கட்டாவிட்டால் ஆறு மாதம் சிறை. கட்ட வழியில்லாமல் உள்ளே போனார். ஜனங்கள் உருகிப்போய் நன்கொடை திரட்டி, சில நாளிலேயே அவரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அவர் கை வைத்த வாய்களின் கணக்கு அந்த உண்டியலில் சேராது.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1998-இல் எழுதி, 2006 மே முதல் தேதி அமலுக்கு வந்த தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம், பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனி ஆளுக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை என்று உறுமுகிறது. அதனால் மலாக்காவின் குருபோங் கடைவீடுகளில் கிளினிக் சுவர்கள் பயபக்தியோடு நிற்கின்றன. பதிவுச் சான்று, பட்டம், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் உரிமம், எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள். சுவரைச் சோதித்தால் நூற்றுக்கு நூறு. சுவருக்குத்தான் வியாதி வருவதில்லையே.

நமக்கும் தரம் பார்க்கத் தெரியும். ஷிஃப்ட் விடும் நேரத்தில் குருபோங் தொழிற்பேட்டைப் பக்கம் நின்று கேளுங்கள். “அந்த டாக்டர் கேக்காமலே ரெண்டு நாள் எம்.சி. கொடுப்பாருண்ணே.” கைராசிக்காரர். “உக்காந்த உடனே ஊசி போட்டுருவாரு.” தெய்வம். “இது சாதாரண வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் வேண்டாம், நல்லாத் தண்ணி குடின்னு சொல்லி அனுப்பிட்டாருலா.” இவர் டாக்டரே இல்லை! உண்மை சொன்ன அந்த ஒரு மனிதரின் கிளினிக்கில்தான் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

ஃபேக்டரிக்கு வேறு அளவுகோல். கம்பெனி கணக்கில் ஆளை அனுப்பும் பேனல் கிளினிக் என்றால் பில் சின்னதாக இருக்க வேண்டும், எம்.சி. அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். தோட்டத்தில் வைத்தியம் பார்க்க டிரெஸ்ஸர் இருந்த காலத்தில், விடியற்காலைப் பெரட்டுக்கு வராதவனுக்கு நிஜமாகவே காய்ச்சலா என்று துரைக்குச் சொல்வதும் அவர் உத்தியோகம்தான். துரை போனார், லயம் போனது, பால்மரமும் போனது. அந்த உத்தியோகம் மட்டும் ஏர்கான் அறைக்குக் குடியேறிவிட்டது. இப்போது எச்.ஆருக்குச் சொன்னால் போதும்.

டாக்டர்களுக்கும் வயிறு உண்டு. 2006 விதிகளில் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட் என்று எழுதினார்கள். கடை வாடகையிலிருந்து ரொட்டி சானாய் வரை எல்லாம் ஏற, இந்த எண் மட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டு தவம் கிடந்தது. 2025 மே முதல் தேதியிலிருந்து மருந்து விலையை வெளியே எழுதி வைக்க அரசு சொன்னதும், ஒரு வாரத்துக்குள் புத்ராஜெயாவில் மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் இத்தனை ஆண்டும் அந்த நட்டத்தை எங்கே ஈடு கட்டினார்களாம்? மூளைக்குக் கூலி இல்லையென்றால் பிளாஸ்டிக் பைக்குத்தான் கூலி. சளி என்று போனவன் ஐந்து பொட்டலத்தோடு திரும்புவான். பை கனத்தால் அவனுக்கும் திருப்தி.

பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. ‘வலி’, ‘காய்ச்சல்’ என்று கிறுக்கித் தருவது சிலருடைய வழக்கம். நள்ளிரவில் மூச்சு முட்டி மலாக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்பார்கள். “வெள்ளையா, வட்டமா, நடுவுல ஒரு கோடு இருக்கும், டாக்டர்.” நாட்டில் பாதி மாத்திரை வெள்ளை, வட்டம், நடுவில் கோடு. இதற்கு அபராதம் கட்ட யாரும் உண்டியல் தூக்க வேண்டியதில்லை. நோயாளியே கட்டிவிடுவார்.

புகார் செய்யலாமே என்பீர்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் குறைதீர்க்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கவுண்டரில் இருக்கும் தங்கச்சியிடம் கேட்டால் படிவம் எடுத்து நீட்டுவாள். அடுத்த திங்கட்கிழமை எம்.சி. சீட்டை நீட்டப்போவதும் அவள்தான். எழுதுவீர்களா?

எனக்கு ஆத்திரம் பொங்குவது கிளினிக் வாசலில். ‘காலணியைக் கழற்றவும்’ என்ற அட்டை அங்கே. தரை பளபளக்க வேண்டுமாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31 பேர். செருப்பை வெளியே விட்டு, வெறுங்காலோடு வந்து, அந்தக் காலை டாக்டரின் மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள் நம் அக்காமாரும் மாமாமாரும். குனிந்தால் தெரியும். புண் தெரியும், கறுக்கத் தொடங்கிய விரல் தெரியும், ஊசி குத்தினாலும் உணராத பாதம் தெரியும். மூன்று நிமிடத்தில் யார் குனிவது? சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு, அடுத்த நம்பர்!

பிறகு ஆஸ்பத்திரியில் விரலை வெட்டுவார்கள். அப்போது கொடுக்கும் எம்.சி.யை மட்டும் எந்த எச்.ஆரும் போலியென்று சந்தேகப்பட்டதில்லை.