முன்கண்ணாடிப் பீடிங்கின் கடைசி அங்குலம்: ஒரு கொங்கு ஆய்வு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார்தானா என்ற ஆட்சேபத்தை முதலிலேயே முடித்துவிடுவோம். 1962-இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்த வண்டி. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. தம்பி பந்தயக்காரன் என்றால் அண்ணனை மட்டும் குடும்பஸ்தன் என்று ஒதுக்குவது ஆய்வு நேர்மை ஆகாது. தவிர, 1961 முதல் சென்னையில் தயாரான இரண்டு கதவு ஹெரால்டின் கூரையைப் போல்ட் கழற்றித் தனியே எடுத்துவிடலாம். அப்படி எடுத்துவிட்டு அவிநாசி சாலையில் ஒருமுறை போய்வந்தவர் எவரும் பிறகு இக்கேள்வியை எழுப்புவதில்லை.

முன்கண்ணாடி பொருத்துவது பற்றிய முன்னாய்வுகள் குறைவு. 1903-இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸின் கைதவறி ஒரு குடுவை விழுந்தது. விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட், கண்ணாடித் துண்டுகளைப் பிடித்துவைத்திருந்தது. 1909-இல் காப்புரிமை பெற்றார். லேமினேட்டட் கண்ணாடி பிறந்தது. கண்ணாடி சிதறாமலிருக்க வழி சொன்ன அவர், அதை ரப்பருக்குள் உட்கார வைப்பது எப்படி என்று சொல்லாமலே போய்விட்டார். அக்குறையைத் தீர்த்தவர்கள் கரூரிலும் நாமக்கல்லிலும் பஸ், லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள்.

ஆனால் பஸ் ஞானம் ஹெரால்டுக்கு ஓரளவுக்குத்தான் உதவும். பழைய பஸ்ஸின் முகத்தில் இருப்பது தட்டைக் கண்ணாடி, அளவெடுத்து வெட்டிவிடலாம். ஹெரால்டு கண்ணாடியோ வளைந்தது. அச்சு செய்து, உலையில் சூடேற்றி வளைக்க வேண்டும். அச்சுக்குப் பழைய கண்ணாடியே மூல ஆவணம். லேமினேட்டட் உடைந்தாலும் ஆவணம் கையில் இருக்கும். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் கல்கண்டாகக் கொட்டிவிடும். தன் வரலாற்றைத் தானே அழித்துக்கொள்ளும் ஒரே உதிரிபாகம் அதுதான். ஆகவே ஓரம் வெளுத்துப்போன பழைய கண்ணாடியை ஆக்கருக்குப் போடச் சொல்லும் வீட்டாரின் கருத்தை இவ்வாய்வு ஏற்கவில்லை.

பொருத்தும் முறையில் அறிஞர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். தகரம் உட்காரும் காடியில் நைலான் கயிற்றைச் சுற்றவிட்டு, இரு முனைகளையும் காருக்குள் தொங்கவிட வேண்டும். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அமுக்க, உள்ளே ஒருவர் கயிற்றை உருவ, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே மடியும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர். கிரீஸ் தடவலாம் என்போரும் உண்டு. ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும் என்பதால் அவர்களைப் பட்டறைக்குள் விடுவதில்லை. சுற்றி நின்று "அக்கட்டால தூக்குங்க, இக்கட்டால அமுக்குங்க" என்று சொல்ல மேலும் நாலு பேர் வேண்டும். அவர்களைத் தேட வேண்டியதில்லை. பானட்டைத் திறந்தாலே வந்துவிடுவார்கள்.

இனி ஆய்வின் மையப்பொருள்: ரப்பரின் நடுக்காடியில் செருகும் வெள்ளிப் பீடிங். கண்ணாடி ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்துவிடும். பீடிங் உட்காராது. உட்கார்ந்ததுபோல் காட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து இரு முனைகளும் ஓர் அங்குலம் விலகி நிற்கும். காரணம் எளியது. செருகும்போது கை தன்னையறியாமல் பீடிங்கை இழுக்கிறது. இழுபட்டது வெயிலில் மெல்லப் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. இழுக்காமல் தள்ளித் தள்ளிச் செருகி, சற்று நீளமாகவே விட்டு, சில நாள் கழித்து வெட்ட வேண்டும். இங்கேதான் கொங்குச் சிக்கனம் குறுக்கிடுகிறது. மிச்சம் விழுந்தால் மனசு கேட்காத ஊர் இது. அளந்தபடி வெட்டி, பற்றாத இடத்துக்கு இழுத்து, பிறகு இடைவெளியை மறைக்க ஒரு கிளிப்பைத் தேடி உக்கடம் பழைய சாமான் கடைகளை அலசுவதற்கு, மிச்சம் பிடித்ததைவிடப் பெட்ரோல் அதிகம் செலவாகிறது. கிளிப் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். எங்கே என்று சொல்ல மாட்டார்கள்.

எதிர்க்கருத்து ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். கோவையின் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியபோது முன்கண்ணாடியையே வைக்கவில்லை. ரப்பர், பீடிங், கிளிப் மூன்றும் ஒரே வீச்சில் தீர்ந்தன. அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் ஓடுதளத்துக்கு இத்தீர்வு பொருந்தும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில், மனைவியுடன், கல்யாணத்துக்குப் போகிறவருக்குப் பொருந்தாது.

கடைசியாக ஒழுகல் சோதனை. சிறுவாணித் தண்ணீரை இதற்கு வீணாக்குவது பாவம். உப்புத் தண்ணி போதும். ஹோஸைப் பிடித்ததும், கண்ணாடி மாற்றுவதற்கு முன் சொட்டிய அதே இடத்தில், ஓட்டுநரின் வலது முழங்காலில், சொட்டியது. பட்டறைக்காரர் டேஷ்போர்டுக்கடியில் தலையை விட்டுப் பார்த்து, வைப்பர் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வாசர் கிழிந்திருப்பதாக அறிவித்தார்.

"ஏனுங்க, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க கண்ணாடி மாத்தோணும்னுதானுங்களே வந்தீங்க."