கொடாப்பும் படுதாவும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் அம்மிச்சிக்கு ஜன்னல் என்றாலே ஆகாது. "பனிக்காத்து பட்டா சளி புடிச்சுக்கும், சாத்து கண்ணு" என்பார். விறகுப் புகையோடு பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே அறையில் இருமிக்கொண்டு கிடப்போம். வெளியே திண்ணையோரம், மூங்கில் கொடாப்புக்குள் கோழிகள் மட்டும் சுகமாகத் தூங்கும். கொடாப்புக்குச் சாத்துவதற்கு ஜன்னல் கிடையாது. பின்னல் முழுக்கச் சந்துதான். சாரல் அடித்தால் மேலே ஒரு சாக்கு, அவ்வளவே பராமரிப்பு.

இப்போது பல்லடம் பக்கம் என் மாமன் மகன் 5000 பிராய்லர் வளர்க்கிறான். மார்கழி விடியலில் பண்ணைச் செட்டைக் காட்டக் கூட்டிப்போனான். இரண்டு பக்கமும் படுதாவை முழுக்க மூடி, ஓரத்தில் செங்கல் அடுக்கியிருந்தான். அம்மிச்சியின் ஜன்னல் சட்டம் கடைசியில் கோழிக்கும் அமலாகிவிட்டது. இரண்டு எட்டு வைப்பதற்குள் எனக்குக் கண்ணில் நீர். "என்னுங் மாப்ள, அழறீங்க?" என்றான். அவனுக்கு வாடையே தெரியவில்லை; அதிலேயே நிற்கிற மூக்கு பழகிப்போகும். கூரைத் தகரத்தின் அடியில் நீர் முத்துமுத்தாய் நின்றது. கீழே பரப்பிய நார்த்தூள் அப்பளமாகக் கட்டியிருந்தது. கோழிகள் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றன.

கோழி தின்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். அதில் பெரும்பகுதி மூச்சிலும் எச்சத்திலும் செட்டுக்குள்ளேயே இறங்குகிறது. ஈரம் வெளியேறாவிட்டால் எச்சம் அமோனியாவாகக் கிளம்பும். அது 25 பிபிஎம்மைத் தாண்டினால் கண்ணும் மூச்சுக்குழலும் புண்ணாகும். பின்னாலேயே சளி வரும். சளிக்குப் பயந்து மூடியவன் சளிக்கு மருந்து வாங்க ஓடுவான்.

அம்மிச்சியின் பத்துக் கோழிக் கணக்கு இங்கே செல்லாதுதான். முதல் வாரக் குஞ்சுக்கு 32, 33 டிகிரி சூடு வேண்டும். அதைப் புரூடர் கொடுக்கும், படுதா காக்கும். கெட்ட காற்றையும் சேர்த்துக் காக்கக் கூடாது, அவ்வளவுதான். வசதியுள்ளவர்கள் செட்டை முழுக்க அடைத்துவிட்டுக் காற்றுக்கு விசிறி, விசிறிக்குச் சென்சார், சென்சாருக்குச் செல்போன், கரண்டு போனால் ஜெனரேட்டர் என்று வைக்கிறார்கள். கொடாப்பின் சந்துக்கு இன்று மாதத்தவணை.

மற்றவர்களுக்கு ஒரு கயிறும் கப்பியும் போதும். படுதாவின் அடியைக் கீழே கட்டி, மேல்பக்கம் ஓர் அடி திறக்கும்படி மாட்டுங்கள். குளிர்காற்று நேராகக் கோழிமேல் அடிக்காது. சூடேறிய ஈரக்காற்று மேலேயே வெளியேறும். சொந்த மூக்கை மட்டும் நம்பாதீர்கள். விடியலில் வெளியூர் விருந்தாளி ஒருவரை உள்ளே அனுப்பிப் பாருங்கள். அவர் கண் கலங்கினால் இன்னும் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.