ஓடுத கால ஒருநா கட்டிப் போடு

வாரும் மருமவனே, வாரும். பஸ்ஸ விட்டு எறங்கும்போதே பாத்துட்டேன். கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, பக்கவாட்டுல திரும்பி, ஒவ்வொரு படிக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு எறங்குன. ஊருக்குள்ள கேட்டா மாரத்தான் வீரனாம். 78 வயசு பூசாரி ஒனக்கு முன்னால எறங்கி, வெத்தலையும் போட்டுட்டுப் போயிட்டாரு.

“ஒருநா கூட விடாம ஓடுதேன் மாமா”ன்னு பெரும வேற. எதுக்குல விடல? காலு கேட்டுச்சா? கையில கட்டியிருக்கியே கடியாரம், அதுல தொடர்ச்சி அறுந்துருமாம்! மாசச் சம்பளம் குடுக்கவனே வாரத்துல ஒருநா லீவு விடுதான். நீ காசு குடுத்து வாங்குன சாமான் ஒனக்கு லீவு தர மாட்டேங்கு.

ரான் ஹில்லுன்னு இங்கிலாந்துக்காரரு ஒருத்தரு ஒனக்குச் சாக்கா கெடைப்பாரு, தெரியும். 1964 டிசம்பர்ல தொடங்கி 2017 ஜனவரி வரைக்கும், 52 வருசம் ஒருநா விடாம ஓடுனவரு. 1970ல பாஸ்டன் மாரத்தான் ஜெயிச்ச பெரிய மனுசன், நான் இல்லங்கல. ஆனா அவரு கணக்குக்கு ஒருநாளைக்கு ஒரு மைல் போதும். கால்ல ஆபரேசன் பண்ணிட்டு, கம்ப ஊணி நொண்டுன மைலயும் ஓட்டம்னுதான் எழுதிக்கிட்டாரு. ஒரு மைலுங்கது நான் டீ குடிக்கப் போற தூரம். ஒனக்குத் தெனமும் 15 கிலோமீட்டர் ஓடச் சொன்னது யாரு?

எமில் ஜாட்டோபெக் கதையக் கேளு. செக்கோஸ்லோவாக்கியாக்காரரு. 400 மீட்டரத் திரும்பத் திரும்ப ஓடியே பயிற்சி எடுத்த ஆளு, சும்மா இருன்னா கேக்க மாட்டாரு. 1950ல பிரஸ்ஸல்ஸ்ல ஐரோப்பியப் போட்டி வருது. அதுக்கு முன்னால எதையோ தின்னு, அது ஒத்துக்கிடாம ரெண்டு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தாரு. மனுசன் அவ்வளவுதான்னு எல்லாரும் நெனைக்க, நேரா போயி 5,000, 10,000 ரெண்டுலயும் தங்கம். 10,000ல ரெண்டாவதா வந்தவரு கிட்டத்தட்ட ஒரு சுத்து பின்னால. கட்டில்தான் அவரு காலக் காப்பாத்திருக்கு. வயித்துக் கோளாறு வராமலே அந்தப் பலன் ஒனக்குக் கெடைக்கட்டும்னுதான் தொண்டத் தண்ணி வத்தப் பேசுதேன். (இதெல்லாம் நம்ம வீட்டுச் சின்னவன் போன்ல வாசிச்சுச் சொன்னது. ஒன்ன மாதிரி ஆளு வந்தா எடுத்து விடலாம்னு மனசுல போட்டு வச்சிருக்கேன்.)

சரி, கால நீட்டு. முன்னங்கால் எலும்ப மேலருந்து கீழ வரைக்கும் பெருவெரலால அமுக்கிட்டே வா. நீளத்துக்கும் லேசா வலிச்சா, கொறச்சு ஓடு, ஆறிரும். ஒரு ரூவாத் துட்டு அகலத்துல ஒரே எடம் மட்டும் சுள்ளுன்னு இழுத்தா ஓட்டத்த நிறுத்திட்டு எலும்பு டாக்டர்ட்ட போ. ஆரம்பத்துல எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியாமக்கூட இருக்கும். படத்தக் காட்டி எங்கிட்டக் குதிக்காத.

அடிபட்ட எலும்ப ஒடம்பு என்ன செய்யும் தெரியுமா? பழசச் சொரண்டி எடுத்துட்டுப் பொறவுதான் புதுசு வைக்கும். சொரண்டுறது வாரக் கணக்குல முடிஞ்சிரும், புதுசு நெறையறதுக்கு மாசக் கணக்கு ஆவும். நடுவுல எலும்பு முன்ன இருந்தத விட நொய்மையா இருக்கும். அந்த நேரம் பாத்து நீ போயி ரோட்டுல தட்டுத. நீ ஓடும்போது காலு வலுக்கலடா, நீ தூங்கும்போதுதான் வலுக்குது. நீண்ட ஓட்டத்துல சதையில காலியான மாவுச்சத்து திரும்ப ரொம்புறதுக்கே ஒருநா, சில சமயம் அதுக்கு மேலயும் ஆவுது.

கென்யாவுல இட்டென்னு ஒரு ஊரு, 2,400 மீட்டர் ஒசரத்துல. ஒலகத்த ஜெயிச்ச காலுக அங்க தெருவுக்குத் தெரு நடக்கு. அவங்கள்ல பலபேரு ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவாங்க, சாப்பிடுவாங்க, படுப்பாங்க. அவங்களுக்கு வேணுங்கது ஒனக்கு வேண்டாமோ? ஆபீஸ்ல எட்டு மணிநேரம் உக்காந்துட்டு வந்து ஓடுத ஆளு நீ!

ஓய்வுன்னு சொல்லிட்டு அன்னைக்குச் சைக்கிள் எடுத்துக்கிட்டு மலையேறுத வேலையும் வேண்டாம். ஒன் சாமர்த்தியம் எனக்குத் தெரியும்.

வார ஞாயித்துக்கெழம இங்க வந்துரு. கடியாரத்தக் கழட்டி ஒங்க அத்த கையில கட்டிவிடு. அடுப்படிக்கும் தொழுவுக்கும் அவ நடக்க நடைக்கு ஒன் தொடர்ச்சி அறாது. அவளுக்குத்தான் ஞாயித்துக்கெழமையே கெடையாதே.