தள்ளுபடியாம்ல தள்ளுபடி!

ஏலே பேராண்டி, என்னத்துக்குலே வாயெல்லாம் பல்லா வார? பேங்க்ல உன் லோடு ஆட்டோ கடனை ரைட் ஆஃப் பண்ணிட்டானா? அடேயப்பா, கவர்னர் ஆயிட்ட போ! இப்படி உக்காரு.

பேப்பர்க்காரன் ரைட் ஆஃபையும் தள்ளுபடிம்பான், வேவரையும் தள்ளுபடிம்பான். ஆடி மாசம் ஜவுளிக்கடைக்காரனும் அதையேதான் போர்டுல எழுதுதான். நீ பி.காம். படிச்சவன், உனக்கு எதுக்குலே வித்தியாசம் தெரியணும்?

வேவர்னா கடனே இல்லன்னு ஆக்குறது. 2021-ல எடப்பாடி கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுனாரே, அது அந்த ரகம். சொசைட்டிக்கு அரசாங்கம் கட்டும், நம்ம பேருல பாக்கி நிக்காது. அதுக்கும் கணக்கு உண்டு. 2008-ல டெல்லிக்காரன் தள்ளுனப்போ அஞ்சு ஏக்கருக்குள்ள இருந்தவனுக்குத்தான் முழுசும். அதுக்கு மேல இருந்தவன் முக்கால் பங்கு கட்டுனா காப்பங்கு போகும்னுட்டான். எப்பவும் ஏழு ஏக்கர்க்காரன்னு மீசையை முறுக்குற மேலத்தெரு அண்ணாச்சி, அன்னைக்கு மட்டும் ‘எனக்கு ஏதுய்யா நிலம்’னு நின்னாரு!

உனக்கு நடந்தது வேற. தவணை 90 நாளைத் தாண்டியும் வரலைன்னா வாராக்கடன்னு பேரு வச்சிருவான். அப்புறம் அவன் லாபத்துலருந்து அந்த நட்டத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஒதுக்குவான். ஒதுக்கி முடிஞ்சதும் கடனை பேலன்ஸ் ஷீட்டை விட்டு எடுத்துருவான். மளிகைக்கடைக்காரர் பழைய பாக்கியை முன்நோட்டுலருந்து பின்நோட்டுக்கு மாத்துவாருல்லா, அம்புட்டுதான். சுத்தமானது அவன் கணக்குலே, உன் கடன் இல்ல. ஒத்த ரூவா குறையாது. ஆளனுப்பிக் கேப்பான், லோக் அதாலத்துக்குக் கூப்பிடுவான். வேற பேங்க்ல போயி கையேந்துனியன்னா, சிபில்ல ரைட் ஆஃப்னு கொட்டை எழுத்துல காட்டும். சேரைக்கூட இழுத்துப் போடமாட்டான்.

மேனேஜரைப் பாத்து மொத்தமா ஒரு தொகை பேசி முடி. அதுலயும் முழிச்சிக்கோ. குறைச்சுக் கட்டுனா ‘செட்டில்டு’ன்னு போடுவான், முழுசும் கட்டுனாத்தான் ‘க்ளோஸ்டு’. முன்னது கேக்க நல்லாத்தான் இருக்கும், அடுத்த லோனுக்குப் போகும்போது தெரியும் அதோட லெச்சணம். எதைக் கட்டுனாலும் கடுதாசி வாங்காம படியிறங்காத.

ஆமா, ஜாமீன் கையெழுத்து யாருலே போட்டது? இனிமே அங்கயும்லா கதவைத் தட்டுவான்.

உன் மாமனாரா? சரியாப் போச்சு. இந்தத் தீவாளிக்குப் பொண்டாட்டியைத் தனியா அனுப்பிரு.