ஒரு நிமிடம், நான்கு படங்கள்

மௌன அஞ்சலியின்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி உண்டு. படம் எடுப்பவருக்கு.

2014 ஆகஸ்ட் 22. எம்எச்17 விமானம் உக்ரைன் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். முதல் இருபது உடல்கள் அன்று காலை செப்பாங்கில் வந்து இறங்கின. நாடு முழுக்க ஒரு நிமிட மௌனம். நான் அப்போது கிள்ளான் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

முதல் நாளே தெங்கு கிளானா சாலைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள், கறுப்பு ரிப்பன் வாங்க. மீட்டர் கணக்கில். "ரசீதை மறந்துடாதீங்க சார்" என்று பின்னாலேயே குரல் வந்தது. மறுநாள் காலை சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு பிள்ளைகள் திடலில் வரிசையாக நின்றார்கள். மைக் ஒருமுறை கீச்சிட்டு ஓய்ந்தது. தலைகள் கவிழ்ந்தன. ஒன்றாம் ஆண்டுப் பொடிசுகள்கூட அசையவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குத் தொண்டை அடைத்தது.

நிமிடம் முடிந்தது. படம் எடுத்தவர் குனிந்தபடி ஓடிப்போய், முன்னால் நின்ற பள்ளிப் பெரியவர் காதில் ஏதோ சொன்னார். கொடிக்கம்பத்து நிழல் விழுந்து பெரியவரின் முகம் தெரியவில்லையாம். பெரியவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "மாணவர்களே, இன்னொரு தடவை" என்றார்கள்.

பக்கத்தில் நின்ற மூன்றாம் ஆண்டுப் பையன் என் சட்டையை இழுத்தான். "சார், அப்போ முதல்ல நின்னது கணக்குல இல்லையா?"

இல்லையடா தம்பி. படத்தில் விழாத துக்கம் கணக்கில் வராது. இரண்டாவது தடவை பிள்ளைகள் இன்னும் நன்றாகத் துக்கப்பட்டார்கள். ஒத்திகை முடிந்திருந்ததல்லவா.

அந்தக் காலத்தில் இதற்கு மூன்று பக்க அறிக்கை எழுதுவோம். இப்போது நாடு முன்னேறிவிட்டது. ஒரே பக்கம் போதும், அதற்குப் பெயர் ஓபிஆர். மலேசியாவில் ஆசிரியரை மணந்தவர்களுக்கு இந்த மூன்றெழுத்தை விளக்க வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கைப்பேசி வெளிச்சத்தில் ஆசிரியர் செய்வது அதைத்தான். மேலே பள்ளிச் சின்னம். பிறகு நோக்கம், தேதி, கலந்துகொண்டோர் எண்ணிக்கை, விளைவு, பலம், பலவீனம். அடியில் நான்கு படங்கள். மௌன அஞ்சலிக்கு ஓபிஆர் எழுதிய ஓர் இளம் ஆசிரியை எனக்குக் காட்டியிருக்கிறார். பலம்: மாணவர்கள் முழு ஒத்துழைப்பு நல்கினர். பலவீனம்: வெயில்.

ஆசிரியர்களைத் திட்டினால் எனக்குத்தான் பாவம். காலையில் செய்தி கேட்டுக் காடிக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். பகல் இரண்டு மணிக்குள் நான்கு படங்களைக் குழுவில் ஏற்றாவிட்டால் மாவட்ட இலாகாவிலிருந்து அழைப்பு வரும். அந்த நான்கு படங்களில் அழுத முகம் ஒன்றும் இருக்காது. அழுகை படத்தில் ஒழுங்காக விழாது.

இனி, எனக்கு வயிறு எரிகிற இடத்துக்கு வருகிறேன்.

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலை. பெட்டாலிங் ஜெயா, பண்டார் உத்தாமா (4) இடைநிலைப்பள்ளி. நான்காம் படிவத்தில் படித்த பதினாறு வயதுப் பெண் பள்ளிக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவன் அதே பள்ளியில் இரண்டாம் படிவம் படித்த பதினான்கு வயதுப் பையன். காலையில் பசியாறிவிட்டுப் போன பிள்ளை. பெற்றவர்கள் கொண்டுபோய் விட்ட இடம் போர்க்களம் அல்ல, பள்ளிக்கூடம்.

எழவு வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பூமாலை கொண்டுவருவார்கள். இதற்கு ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். கைப்பேசி என்றார் ஒருவர். விளையாட்டுச் செயலி என்றார் இன்னொருவர். பிரம்பை எடுத்ததுதான் வினை, திரும்பக் கொடுங்கள் என்று ஒரு கூட்டம். பிரிக்பீல்ட்ஸில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் கூட்டமும் சளைத்ததல்ல. "எங்க காலத்துல ஓர் அறை விட்டா..." என்று தொடங்கினார் ஒருவர். அவர் அறை விட்ட பையன்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவத்தைத் தாண்டினார்கள் என்று கேட்டேன். அவர் தேநீரை ஆற்றத் தொடங்கிவிட்டார். அமைச்சரவை, பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகமே கூடாது என்ற முடிவுக்கு வந்தது. வயதை ஒரு வரியில் மாற்றிவிடலாம். ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளை போய் உட்கார்ந்து பேசுவதற்கு போதுமான ஆட்களை வைப்பதற்குத்தான் வரவு செலவுக் கணக்கு இடம் கொடுக்காது.

அடுத்த வாரம் என் பேத்தியின் பள்ளியில் பைச் சோதனை. அவளும் இரண்டாம் படிவம்தான். ஒவ்வொரு பையையும் மேசையில் கவிழ்த்தார்கள். அகப்பட்ட ஆயுதங்கள்: கணிதப் பெட்டியிலிருந்து கவராயம், ஓவியப் பாடத்துக்கு ஆசிரியரே கொண்டுவரச் சொன்ன கத்தரிக்கோல், ஓர் உதட்டுச் சாயம். ஒரு பெண் பிள்ளையின் பையைக் கவிழ்த்தபோது மாதவிடாய் ‘பேட்’ பையன்கள் முன்னால் மேசையில் விழுந்தது. எவனோ சிரித்தான். பள்ளிக்குள் ஒரு பெண் பிள்ளை செத்துப்போனாள், அதற்காகப் பெண் பிள்ளைகளைப் பாதுகாக்கிறார்களாம். அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. ஓபிஆரில் வருகைப் பட்டியல் கேட்பதில்லை. கைப்பற்றியதையெல்லாம், போதைப்பொருள் பிடித்த போலீஸ் மாதிரி, மேசையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார்கள். பின்னணியில் ‘செகோலா செலாமாட்’, பாதுகாப்பான பள்ளி, என்ற பதாகை. மறுநாள் ஓவிய ஆசிரியர் கத்தரிக்கோல் கொண்டுவராதவர்களை வெளியே நிற்க வைத்தார்.

பிறகு மனநலச் சோதனைத் தாள் வந்தது. ‘மிண்டா சிஹாட்’. மனம் சோர்ந்திருக்கிறதா, தூக்கம் வருகிறதா, ஒருபோதும் இல்லை, சில வேளை, அடிக்கடி. நல்ல கேள்விகள்தாம், குறை சொல்ல மாட்டேன். பேத்தி என்ன எழுதினாள் என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ‘ஒருபோதும் இல்லை’னுதான் தாத்தா. எல்லாரும் அப்படித்தான்."

"ஏம்மா?"

"வேற மாதிரி எழுதினா ஒலிபெருக்கியில பேரைக் கூப்பிடுவாங்க. இன்னார் உடனே கவுன்சலர் அறைக்கு வரவும்னு. அப்புறம் ரெசஸ்ல யாரும் பக்கத்துல உட்கார மாட்டாங்க."

அப்படியே பெயர் கூப்பிட்டாலும் அறையில் கவுன்சலர் இருப்பாரா? நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆள். அவருக்கு வேலை தலைக்கு மேல். பைச் சோதனையைப் படம் எடுத்தது அவர்தான்.

முடிவில் பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் மிக நன்று என்று வரைபடம் வந்திருக்கும். எல்லாம் பச்சை நிறத்தில்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் மாண்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயம், சுற்றிலும் வீடுகள் நொறுங்கின. குடியிருப்புக்கு அருகில் அப்படியொரு வெடிமருந்துக் கிடங்கு எப்படி இருந்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி இது. நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? கட்டுரை. தலைப்பு, ‘பட்டாசின் தீமைகள்’. நானும்தான் கொடுத்தேன், மறைப்பானேன். முப்பத்தெட்டுக் கட்டுரைகளைத் திருத்தினேன். அத்தனையிலும் குற்றவாளி, தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புக் கொளுத்துகிற சிறுவன். தொழிற்சாலை ஒரு கட்டுரையில் மட்டும் வந்தது. அந்தப் பிள்ளையின் சித்தி அந்தப் பக்கம் குடியிருந்தாள். தலைப்பை விட்டு விலகியதாகச் சொல்லி அரை மதிப்பெண் குறைத்தேன். அந்த அரை மதிப்பெண் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க ஆளைக் காணோம்.

2017 செப்டம்பர் 14 விடியற்காலை, கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் தாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா சமயப் பள்ளி விடுதி எரிந்தது. 21 பிள்ளைகள், 2 வார்டன்கள். சன்னலில் இரும்புக் கம்பி, வெளியேற வழியில்லை. அப்புறம் ஊரெல்லாம் பள்ளிகளில் தீத்தடுப்புப் பயிற்சி. நான் பார்த்த பயிற்சியில் மணி அடித்தது, பிள்ளைகள் வரிசை குலையாமல் திடலுக்கு வந்தார்கள், கைதட்டல். பின்வாசலில் பழைய பூட்டு அப்படியே தொங்கியது. சாவி காவலாளியிடம், காவலாளி தேநீர்க் கடையில். எதற்கும் குறை வைக்கவில்லை, படத்தில் பின்வாசல் வரவில்லை.

துக்கத்தைச் செயலில் காட்டச் சொன்னால் இன்னும் மோசம். 2023 அக்டோபர் கடைசியில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரம் என்று கல்வியமைச்சு அறிவித்தது. காஸாவில் வகுப்பறைகள் இடிந்து விழுந்துகொண்டிருக்க, இங்கே சில பள்ளிகளில் முகத்தை மூடிக்கொண்டு பொம்மைத் துப்பாக்கி ஏந்தியவர்கள் மேடையேறினார்கள். படம் நாடெங்கும் சுற்றிய பிறகுதான், துப்பாக்கி மாதிரிகள் கூடாது என்று அமைச்சு சொன்னது. செத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கலாம் என்று யோசித்து யோசித்து இவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கி! ஒரு தாளும் பென்சிலும் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை எதையாவது வரைந்திருக்கும்.

பண்டார் உத்தாமாவுக்கு நான்கு மாதம் முன்னால், 2025 ஜூன் 9 அதிகாலை, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்தது. மாண்ட பதினைந்து பேரும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள். ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஆசிரியராக வேண்டியவர்கள். எத்தனையோ வகுப்பறைகளில் அவர்களுக்காக ஒரு நாற்காலி காத்துக்கொண்டிருந்தது. பேருந்து உரிமம் வேறோர் ஆளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது என்று போக்குவரத்து அமைச்சே சொன்னது. உரிமம் ஒருவருடையது, ஓட்டம் வேறொருவருடையது, பிணம் மட்டும் பெற்றவர்களுடையது. ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் இருக்கைப் பட்டை கட்டாயம் என்றார்கள். 2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி கெந்திங் மலைப்பாதையில் 37 பேர் பேருந்தோடு பள்ளத்தில் விழுந்து செத்தது எந்த நாட்டில் என்று தெரியவில்லை.

கெரிக் மாணவர்களுக்காகவும் பிள்ளைகள் தலை கவிழ்ந்தார்கள். ஒரே தடவையில் படம் சரியாக விழுந்ததாகப் பேத்தி சொன்னாள்.

சரி, இது போன மாதக் கதை. பள்ளியில் கேமரன் மலைக்குச் சுற்றுலா. பெற்றோர் அனுமதிப் படிவம் வந்தது. மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு, குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதுதான் விதி. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு வெள்ளி, சாப்பாடு உட்பட. கடைசி வரி: வழியில் நேரும் எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பேற்காது.

மகள் கையெழுத்துப் போடப்போனாள். நான் வாங்கி, ஓரத்தில் மூன்று கேள்வி எழுதினேன். பேருந்து உரிமம் யார் பெயரில் இருக்கிறது? ஓட்டப்போவது அவருடைய ஆளா? எல்லா இருக்கையிலும் பட்டை இருக்கிறதா?

"தாத்தா, என் மானம் போகுது" என்றாள் பேத்தி. ஆனாலும் கொண்டுபோனாள்.

இரண்டு நாள் கழித்து வகுப்பாசிரியை அழைத்தார். மரியாதையான பிள்ளை, என்னிடம் படித்தவர்களிடம் படித்தவர். "ஐயா, படிவத்துல கிறுக்கல் இருந்தா ஏத்துக்க மாட்டாங்களாம். வேற ஒண்ணு குடுத்துவிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"அந்தக் கேள்விக்குப் பதில், டீச்சர்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நானும் அந்த பஸ்லதான்யா போறேன்" என்றார்.

புதிய படிவம் மேசையில் இருக்கிறது. பெயர், வகுப்பு, அடையாள அட்டை எண், ஒவ்வாமை ஏதும் உண்டா, டி-சட்டை அளவு. இந்தத் தடவை ஓரத்தில் எழுத இடம் விடவில்லை. சுற்றிலும் பூ வேலைப்பாடு போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.