உறைமோர் யார் வீட்டிலிருந்து?

மூலநிரலிலிருந்து ஜி.சி.சி. கொம்பைலர் கட்டுவது பற்றித்தான் இந்த முறை அத்தனை கேள்விகளும்.

கே: கொம்பைலரைக் கட்ட இன்னொரு கொம்பைலர் வேண்டுமாம். இது என்ன நியாயம்? (மாணவி, கம்பளை)

ப: தயிர் உறைய மோர் கேட்கிற நியாயம். உபுண்டுவில் 'பில்ட் எசென்ஷியல்' பொதியை ஏற்றினால் உறை கிடைத்துவிடும். அந்தப் பழைய கொம்பைலர் புதியதைக் கட்டும். புதியது தன்னையே மறுபடி கட்டும். அப்படிப் பிறந்தது இன்னொரு தடவை கட்டும். கடைசி இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்தால் வேலை நின்றுவிடும். நம்மூர் கட்டட மேற்பார்வை இவ்வளவு கறாராக இருந்தால்!

கே: உலகத்தின் முதல் மோர் எது? (கெலிஓயா)

ப: மோர் இல்லாத நாளில் மிளகாய்க் காம்பைப் போட்டுப் பாலை உறைய வைப்பார்களே, அதுபோல ஒரு காம்பு இங்கேயும் உண்டு. கீக்ஸ் என்ற லினக்ஸ் குழுவினர் 2023இல் வெறும் 357 பைட் நிரலில் தொடங்கி, படிப்படியாக ஜி.சி.சி. வரை ஏறிக் காட்டினார்கள். மூன்று எஸ்.எம்.எஸ். அளவுதான்!

கே: எதற்கு அந்தக் கூத்து?

ப: உறையில் விஷம் இருந்தால்? கொம்பைலரின் மூலநிரலில் சுவடே இல்லாமல், அதற்குள் ஒரு கள்ளக்கதவைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தலாம் என்று கணினி விஞ்ஞானி கென் தொம்சன் தன் டியூரிங் விருது உரையில் விளக்கினார். அது 1984இல் அச்சானது. பயம் இன்னும் தீரவில்லை.

கே: 'ஜி.எம்.பி. இல்லை' என்று கன்ஃபிகர் நின்றுவிட்டது. (உலப்பனை)

ப: ஜி.எம்.பி. மட்டுமல்ல, எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்று இன்னும் இரண்டு கணித நூலகங்களும் வேண்டும். மூலநிரல் கோப்புறையில் நின்றபடி, 'கொன்ட்ரிப்'புக்குள் இருக்கும் 'டவுன்லோட் பிரிரெக்விசிட்ஸ்' ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். மூன்றையும் அதுவே கொண்டுவரும். பிறகு வெளியே வெறும் கோப்புறை ஒன்றைத் திறந்து, அங்கிருந்து கன்ஃபிகரை அழையுங்கள்; அது முடிந்ததும் 'மேக்' அடித்தால் கட்டத் தொடங்கும். மூலநிரலுக்குள்ளேயே கட்டினால் குப்பை எது, கோப்பு எது என்று பிறகு தெரியாது.

கே: டேட்டா எவ்வளவு தின்னும்?

ப: சுருக்கிய பொதி ஏறக்குறைய நூறு எம்.பி. இருக்கும். கட்டத் தொடங்கினால் டிஸ்க்கில் பல ஜி.பி. கேட்கும். சில விருந்தாளிகள் அப்படித்தான்.

கே: மேக் ஓடும்போது கரண்ட் போனால்? (புசல்லாவை)

ப: 2022இன் மின்வெட்டு இருட்டை மறக்காதவர் போல! மறுபடி 'மேக்' அடியுங்கள். கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். பாதியில் அறுந்த கோப்பு முரண்டு பிடித்தால் அதை மட்டும் அழியுங்கள்.

கே: மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? (பேராதனை)

ப: 2020இல் வந்த ஜி.சி.சி. 10 முதல் நேரடியாகவே வைக்கலாம். 'சம்பளம்' என்று வையுங்கள். அது பூச்சியமா இல்லையா என்பது முதலாளி கையில்.

கே: 'ஆப்ட் இன்ஸ்டால்' என்ற ஒரு வரியில் வருவதற்கு ஏன் இந்தப் பாடு? (நாவலப்பிட்டி)

ப: வேலைக்கென்றால் ஆப்ட் போதும். கற்கத்தான் இந்தப் பாடு. கன்ஃபிகரின் 'பிரிஃபிக்ஸ்' தெரிவில் உங்கள் ஹோம் கோப்புறையைக் கொடுத்தால் பழைய கொம்பைலர் மேல் கை படாது. சனி இரவு மேக் கொடுத்துவிட்டுப் படுங்கள். காலையில் எரர் நின்றால் கடைசி வரியை அனுப்ப வேண்டாம். மேலே போய் முதல் எரரைத் தேடி எழுதி அனுப்புங்கள்.